மானிப்பாய் அச்சுக்கூடமும் மாணவர் எழுத்தும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊடகக் கற்கை பயிலும் மாணவி ஒருத்தி தனது ஒப்படை ஒன்றை என்னிடம் காட்டுவதற்கு வந்திருந்தாள். 'மானிப்பாயும் பத்திரிகைத்துறையும்' என்பது தலைப்பு. பன்னிரண்டு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆண்டுகள் இருந்தன, பெயர்கள் இருந்தன, மேற்கோள்களும் இருந்தன. ஆனால் வாசித்து முடித்தபோது மனதிலே ஒன்றும் நிற்கவில்லை. "பிள்ளை, இதை ஆருக்காக எழுதினாய்?" என்று கேட்டேன். அவள் சற்றும் யோசியாமல், "ஒப்படைக்குத்தான் சேர்" என்றாள்.

அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னாள். எங்கள் பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை எழுதுவதெல்லாம் ஒரே ஒரு வாசகருக்காகத்தான். அந்த வாசகர் சிவப்புப் பேனாவோடு இருப்பவர். புள்ளி போட்டதும் அந்த எழுத்தின் ஆயுள் முடிந்துவிடுகின்றது. பிற பாடங்களுக்கு இது பொருந்தலாம். செய்தி எழுதப் பயிலுகின்ற ஒருவருக்கு இது பொருந்துமா? வாசகர் இல்லாத இடத்திலே பத்திரிகைத்தொழிலைப் பயிலலாமா? இன்றைய என் பேச்சு இந்தக் கேள்வியைச் சுற்றியது. விடையைத் தேட நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை தலைப்பாகக் கொண்ட மானிப்பாய்க்கே போவோம்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஆனைக்கோட்டை தாண்டிச் சில கல் தொலைவிலே உள்ள ஊர் மானிப்பாய். மருதடிப் பிள்ளையாரின் தேர் என்றால் ஒரு மானிப்பாய். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்றால் இன்னொரு மானிப்பாய். மூன்றாவது மானிப்பாய் ஒன்றும் உண்டு. அது ஈயத்தாலும் மையாலும் ஆனது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கரற் என்ற அச்சுத்தொழிலாளர் 1820 இல் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்கர் தொகை இங்கே பெருகுவதை ஆங்கில ஆட்சி விரும்பவில்லை. அவரை வெளியேறுமாறு பணித்தார்கள். அச்சடிக்கத் தெரிந்தவர் போய்விட, அச்சியந்திரம் மட்டும் இங்கே தங்கி, நல்லூரிலே இருந்த ஆங்கிலேய மிஷனாரின் கைக்குப் போயிற்று. தடை தளர்ந்த பின்னர் மைனர் என்ற அச்சாளர் வந்துசேர, 1834 இல் அச்சுக்கூடம் மானிப்பாயிலே நிலைகொண்டது. ஒரு நாட்டிலே அச்சியந்திரம் எப்போதும் அரசியற் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பதினான்கு ஆண்டுத் தாமதமே சாட்சி.

இந்த அச்சுக்கூடம் செய்த வேலைகளுள் இரண்டைக் குறிப்பிட்டாற் போதும். 1842 இல் ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி இங்கே அச்சாயிற்று. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் இன்றும் வழங்கப்படுவது அதுதான். அதற்கு ஓர் ஆண்டு முன்னர், 1841 ஜனவரி 7 ஆந் திகதி, தமிழும் ஆங்கிலமும் கலந்த மாதமிருமுறைப் பத்திரிகையாக 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்ற இருவர்.

இந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடவேண்டாம். இருவரும் எங்கள் ஊர்த் தமிழர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்தவர்கள். செமினரியிலே ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ ஏற்றுக்கொண்டால், அவர்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது வழக்கம். பெயரைக் கொடுத்துப் படிப்பை வாங்கிய தலைமுறை அது. மானிப்பாயைச் சேர்ந்த சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும் அப்படித்தான்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது. பெயர் செமினரி, கனவு பல்கலைக்கழகம். கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலக்கியமும் அங்கே கற்பிக்கப்பட்டது. அங்கே நிகழ்ந்த ஒரு சம்பவத்தை ஊடகம் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வதுண்டு. 1829 மார்ச் மாதம் ஒரு சந்திரகிரகணம். பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் ஒரு நேரத்தைக் குறித்திருந்தார். செமினரி அதிபர் டானியல் பூர் கணித்த நேரம் வேறு. தொடக்கத்திலே கால் மணி நேர வித்தியாசம். அன்றிரவு ஊரார் கூடினார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். பூர் கணித்ததே சரியாயிற்று.

பாதிரியார் இதைத் தமது சமயத்துக்கு ஆதரவாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது உண்மை. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. கிரகணத்தின் கணக்கிலே சமயத்தின் பெருமை அடங்கியிருக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் அந்த இரவிலே அங்கு நின்ற மாணவர்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஆர் சொன்னார் என்பதைப் பார்க்காதே. வெளியே போய் நின்று பார், நேரத்தைக் குறித்துக்கொள். செய்தியாளனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தச் செமினரியிலிருந்து வந்தவர்கள் கையிலே ஒரு பத்திரிகை பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று தமிழிலே செய்தி எழுதுவதற்கென்று ஒரு உரைநடை கிடையாது. பாட்டு இருந்தது, உரையாசிரியர்களின் உரை இருந்தது, கணக்கும் ஓலைச் சாசனமும் இருந்தன. கல்வி, விஞ்ஞானம், விவசாயம், அரசாங்கம், பிறநாட்டு வர்த்தமானம் ஆகிய அனைத்தையும் ஊரிலுள்ள ஒரு சாதாரண வாசகன் பிறர் உதவியின்றி விளங்கிக்கொள்ளும்படி எழுத ஒரு நடையை அவர்கள் உண்டாக்க வேண்டியிருந்தது. உதயதாரகையின் பழைய தமிழை இன்று படிப்பவர்கள் அதன் சந்தியையும் நீண்ட வசனங்களையும் பார்த்துச் சிரிக்கக்கூடும். நடந்து பழகுகின்ற பிள்ளையின் நடை அது. அந்தப் பிள்ளை நடந்த வழியிலேதான் நாங்கள் இன்று ஓடுகின்றோம்.

அந்தப் பத்திரிகைக்கு வாசகர்கள் இருந்தார்கள். வாசகர்கள் என்றால் எதிர்ப்பவர்களும் சேர்ந்தவர்கள். உதயதாரகை கிறிஸ்தவப் பிரசாரத்துக்கான ஏடு. ஆனாலும் சைவத்தார் எழுதிய மறுப்புக்களும் அதிலே இடம்பெற்றன. மறுப்புக்குப் பதில், பதிலுக்கு மறுப்பு என்று கண்டனம் வளர்ந்தது. ஆறுமுகநாவலர் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரத்தோடு திரும்பி வந்து வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவியதற்கு, எதிர்த்தரப்பின் அச்சுப்பலத்தை அவர் நேரிலே கண்டிருந்ததும் ஒரு காரணம். ஒரு பத்திரிகை தன்னை எதிர்ப்பவனையும் எழுத்தாளனாக்கிவிடுகிறது. இதை வகுப்பறையிலே விரிவுரையாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. வாசகர் முன்னாலே நின்று அடிபட்டுத்தான் அறிய வேண்டும்.

செமினரி 1855 இல் மூடப்பட்டது. படித்தவர்கள் உத்தியோகத்துக்குத்தான் போகிறார்கள், சமயப்பணிக்கு வருகிறார்களில்லை என்று அமெரிக்காவிலிருந்த மேலிடத்தார் எண்ணினார்கள். ஆனால் அங்கே படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் போய்த் 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறினார். பின்னாளில் அவர் சங்க நூல்களையும் இலக்கண நூல்களையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிய வரலாறு நேயர்கள் அறிந்தது. ஏடுகளைத் தேடிப் பாடபேதம் பார்த்த அந்தக் கைக்குப் பத்திரிகை அலுவலகத்தின் பழக்கமும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தார். நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் அவரது 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 இல் மானிப்பாயிலே அச்சாயிற்று. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதினார் என்பதிலே வியப்பில்லை. விபரம் திரட்டுவதும் ஒழுங்கு செய்வதும் அவருக்கு அன்றாடத் தொழில்.

மாணவர் எழுத்து என்றால் மானிப்பாயிலே இன்னொரு பெரிய உதாரணம் உண்டு. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்தார். 1864 முதல் அந்த வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். பாடநூல்கள் எங்கிருந்து வந்தன? அவரும் அவரது மாணாக்கர்களும் கூடியிருந்து மொழிபெயர்த்தார்கள். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. மாணவர் ஒருவர் மொழிபெயர்த்ததை அடுத்த வகுப்பு மாணவர் பாடமாகப் படித்தார். ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால் அது புள்ளிக்குறைவோடு முடியாது. நோயாளியின் உடம்பிலே போய் முடியும். அப்படிப்பட்ட பொறுப்போடு எழுதப்பட்டவை அந்தப் பக்கங்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் கிறீனிடம் பயின்று வெளியேறினார்கள்.

மாணவரின் எழுத்துக்கு வாசகன் இருந்தான். அந்த வாசகனுக்கு அது தேவைப்பட்டது. பிழைக்கு விலை இருந்தது. மானிப்பாய் எங்களுக்குச் சொல்லுகின்ற பாடம் இந்த மூன்றும்தான்.

இதிலே குறைகளும் இருந்தன. பத்திரிகையை நடத்தியவர்கள் ஆண்கள். உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே படித்த பெண்கள் உதயதாரகையின் ஆசிரியர் பீடத்திலே அமரவில்லை. சாதித்தடை கல்விச்சாலைக்குள்ளும் இருந்தது. பணம் மிஷனுடையது, நோக்கமும் மிஷனுடையது. பழமையைப் போற்றும்போது இவற்றை ஒளித்துவிட்டுப் போற்றினால் நாம் பயிலுவது பத்திரிகைத்தொழில் ஆகாது.

இப்போது உலகத்தைச் சற்றுப் பார்ப்போம். உலகின் முதலாவது இதழியற் கல்லூரி என்று பொதுவாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்திலே 1908 இல் தொடங்கியது. வகுப்புத் தொடங்கிய அன்றே, செப்ரெம்பர் 14 ஆந் திகதி, மாணவர்கள் ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். அது பல்கலைக்கழகத்துக்குள்ளே சுற்றும் கையேடாக இருக்கவில்லை. அந்த நகரத்து மக்களுக்கான செய்தித்தாளாக இருந்தது. ஏனைய பத்திரிகைகளோடு போட்டியிட்டது. இன்றும் அந்தக் கல்லூரி அந்த வழியையே தனது முறை என்று சொல்லிக்கொள்ளுகிறது. இந்தியாவிலே லாகூரில் 1941 இலும் சென்னையில் 1947 இலும் பல்கலைக்கழக மட்டத்திலே இதழியற் கல்வி தொடங்கிற்று. இலங்கையிலே களனிப் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னோடி.

தமிழர் மத்தியிலே பட்டமும் டிப்ளோமாவும் வருவதற்கு முன்னர் வேறு பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1930 இல் நா. பொன்னையா தொடங்கிய 'ஈழகேசரி' இளைஞர்களுக்குப் பக்கம் ஒதுக்கிக் கொடுத்தது. எங்கள் மூத்த எழுத்தாளர் பலரின் முதல் எழுத்து அதிலே வந்தது. அந்தத் தலைமுறை இளைஞர்கள் கூடி 1946 இல் 'மறுமலர்ச்சி'யை அச்சிலே கொண்டுவந்தார்கள். ஊர் வாசிகசாலைகளிலே கையெழுத்துப் பத்திரிகைகள் நடந்தன. ஒரே ஒரு பிரதி. அதைக் கையிலே வாங்குவதற்கு வரிசை. பிறகு றோனியோ வந்தது. கை முழுவதும் மை, நூறு பிரதி. பேராதனையிலே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' ஆண்டுமலராக வந்தது. அதைப் புரட்டினால், பிற்காலத்துப் பேராசிரியர்களும் கவிஞர்களும் மாணவராக இருந்து தடுமாறிய இடங்களையும் துணிந்த இடங்களையும் காணலாம்.

அந்தப் பேராதனையிலிருந்து வந்தவர்தான் க. கைலாசபதி. பட்டம் பெற்றவர் லேக் ஹவுசுக்குப் போனார். 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஈழத்து எழுத்துக்கு, அதிலும் புதியவர்களின் எழுத்துக்கு, அந்தத் தினசரியிலே களம் கொடுத்தார். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதற் தலைவராக வந்தவர் அவரே. ஒரு தினசரியின் ஆசிரியராக இருந்தவர் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் முதற் தலைவரானார் என்பது சிறிய செய்தியன்று. வளாகத்தின் விஞ்ஞான வகுப்புக்கள் ஆரம்பத்திலே நடந்த இடம் எது தெரியுமா? வட்டுக்கோட்டை. பழைய செமினரி இருந்த அதே வளவு.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல நெஞ்சு கனக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இந்த உரைக்குப் பொருள் இல்லை. பிழைக்கு விலை உண்டு என்றேன். எங்கள் மண்ணிலே சரியாக எழுதியதற்கும் விலை இருந்தது. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அந்த நாட்களிலே 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்திலே அச்சுத்தாள் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளிலே தினசரிகள் அச்சாகின. வாசிப்பதற்கு மண்ணெண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அப்போதும் பத்திரிகை வந்தது, மக்கள் வாசித்தார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நாடகத்துறை மாணவி செல்வநிதி தியாகராசா. செல்வி என்றால் கவிதை வாசகர்கள் அறிவார்கள். வவுனியாப் பக்கத்துச் சேமமடுவிலிருந்து வந்தவர். 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தினார். 1991 ஓகஸ்ற் 30 ஆந் திகதி அவரை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. விருதை வாங்க அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பதினாறு ஆண்டுகளின் பின்னர், 2007 ஓகஸ்ற் 1 ஆந் திகதி. சகாதேவன் நிலக்ஷன். வயது இருபத்திரண்டு. யாழ்ப்பாணத்திலே இயங்கிய ஊடக வளங்கள் பயிற்சி நிலையத்தின் மாணவர். 'சாளரம்' என்ற மாணவர் சஞ்சிகையின் ஆசிரியர். இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த கொக்குவிலிலே, ஊரடங்கு நேரத்திலே, வீட்டுக்கு வந்த ஆயுததாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊரடங்கு நேரத்திலே ஆர் நடமாட முடியும் என்ற கேள்வி அன்று எல்லோர் மனதிலும் இருந்தது. விடை சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

இருவரும் மாணவர்கள். இருவரும் சஞ்சிகை ஆசிரியர்கள். இருவரும் வெவ்வேறு காலத்திலே, வெவ்வேறு ஆயுதங்களின் முன்னே நின்றார்கள். நாங்கள் எங்கள் வசதிக்கேற்ப ஒருவரை நினைப்பதும் மற்றவரை மறப்பதுமாக இருக்கின்றோம். செல்வியைப் பேசுபவர்கள் நிலக்ஷனைப் பேசுவதில்லை. நிலக்ஷனைப் பேசுபவர்கள் செல்வியின் பெயர் வந்தால் பேச்சை மாற்றுகின்றார்கள். ஊடகம் பயிலும் மாணவர்கள் இரண்டு பெயரையும் ஒரே மூச்சிலே சொல்லப் பழக வேண்டும். அது அரசியல் அன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அது தொழில் ஒழுக்கம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஊடகக் கற்கைகள் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொடர்பாடல் கற்பிக்கப்படுகிறது. கமெரா இருக்கிறது, ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது, கைத்தொலைபேசியே ஒரு பத்திரிகை அலுவலகமாகிவிட்டது. மாணவர்கள் குறும்படம் எடுக்கின்றார்கள், விவரணம் தயாரிக்கின்றார்கள், புகைப்படக் கண்காட்சி வைக்கின்றார்கள். அவற்றுட் சில மிக நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் பெரும்பாலானவை ஒரு நாள் திரையிடப்பட்டு, கைதட்டல் பெற்று, பெட்டிக்குள்ளே போய்விடுகின்றன. அந்தப் படத்திலே வருகின்ற மீனவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா? அந்தக் கட்டுரையிலே வருகின்ற ஊரவர் அதை வாசித்தாரா? அவர் "தம்பி, நீ சொன்னது பிழை" என்று சொல்வதற்கு ஒரு வழி இருந்ததா?

நான் மூன்று காரியங்களைச் சொல்லுவேன். முதலாவது, ஒவ்வொரு மாணவர் ஆக்கமும் எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊருக்குப் போகவேண்டும். வாசிகசாலைச் சுவரிலே ஒட்டினாலும் போதும். சுவர்ப் பத்திரிகைக்குச் செலவு அதிகமில்லை. ஆனால் அதன் வாசகர் சந்தியிலே நின்று உங்களைப் பிடித்துக் கேள்வி கேட்பார். இரண்டாவது, திருத்தம் வெளியிடும் பழக்கம். பிழை விட்டால் அடுத்த இதழிலே அதே இடத்திலே, அதே அளவு எழுத்திலே திருத்தம் வரவேண்டும். இதைப் பெரிய பத்திரிகைகளே செய்யத் தயங்குகின்றன. மாணவர்கள் செய்து காட்டட்டும். மூன்றாவது, சேமிப்பு. 2005 ஆம் ஆண்டிலிருந்து நூலக நிறுவனத்தினர் ஈழத்துப் பழைய ஏடுகளையும் சஞ்சிகைகளையும் கணினியிலே ஏற்றி வருகின்றார்கள். அங்கே போய்ப் பார்த்தால், மாணவர் மலர்கள் எத்தனை அழிந்துபோயிருக்கும் என்று நினைக்க மனம் பதறும். இன்று நீங்கள் செய்கின்ற சஞ்சிகையின் ஒரு பிரதியாவது நாளைக்கு இருக்கவேண்டும் என்ற எண்ணம் முதல் இதழிலேயே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "மாணவர்கள் பயிலுகின்றவர்கள், அவர்களைப் பொதுமக்கள் முன்னிலையிலே நிறுத்துவது நியாயமா? கடந்த காலத்தைப் பார்த்த பிறகுமா இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பெற்றார் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள ஊரிலே நின்று அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு வாய் வராது. துணிச்சல் என்ற பெயரிலே ஒரு பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு நாங்கள் பின்னாலே நிற்கக்கூடாது. ஆசிரியரின் பெயரும் துறையின் பெயரும் மாணவரின் பெயருக்குப் பக்கத்திலே அச்சாக வேண்டும். ஆனால் பயத்தினாலே வாசகரே வேண்டாம் என்று விட்டுவிட்டால், நாங்கள் பயிற்றுவிப்பது எதை? எழுத்தை வைத்துக்கொண்டு ஆருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருக்கும் கலையை.

மறுபடியும் அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். பன்னிரண்டு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்து, "மானிப்பாய்க்குப் போனாயா?" என்று கேட்டேன். போகவில்லை. "போய்விட்டு வா" என்றேன். இரண்டு கிழமை கழித்து வந்தாள். ஒரு சிறிய அச்சகத்திலே நாற்பது வருடம் அச்சுக்கோத்த முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்திருந்தாள். அவர் இப்போது வீட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிலே இருக்கிறார். கண் மங்கல். ஆனால் விரல் மறக்கவில்லை. எந்த அறையிலே எந்த எழுத்து என்று காற்றிலே தொட்டுக் காட்டினாராம். அச்சுக்கோப்பவர் எழுத்தைத் தலைகீழாகத்தான் வாசிக்க வேண்டும். அவருக்குக் கடைசியிலே நேராக உள்ள எழுத்தை வாசிக்கத்தான் சிரமமாக இருந்ததாம். ஒரு வேலை முடிந்ததும் கோத்த எழுத்தெல்லாம் கலைத்து அந்தந்த அறையிலே போடவேண்டும். "காலமை கலியாணக் காட், பின்னேரம் அந்தியேட்டிக் கல்வெட்டு. எழுத்து அதே எழுத்துத்தான் பிள்ளை" என்றாராம்.

மாணவர் சஞ்சிகை அச்சடித்த கதையையும் சொல்லியிருக்கிறார். காசு முழுதாகக் கொண்டுவர மாட்டார்களாம். இரவிரவாக இருந்து ஒப்புநோக்குவார்களாம். "அந்தப் பிள்ளையள் கண்ணிலை நித்திரையோடை இருந்து பிழை திருத்தேக்கை, எனக்குப் பிழை விட மனம் வராது" என்றாராம். இந்த ஒரு வசனத்துக்காக அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் கொடுத்துவிடலாம்.

அவள் புதிதாக எழுதினாள். மூன்று பக்கம். அதைச் சுவர்ப் பத்திரிகையிலே ஒட்டினார்கள். ஒரு பிரதியை முதியவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சில நாட்களின் பின் முகம் வாடி வந்தாள். "சேர், அந்த ஐயாவின்ரை மகள் வாசிச்சுப்போட்டு, அவர் வேலைக்குச் சேர்ந்த வருசம் பிழை எண்டு சொன்னவ. ஐயா தானாம் மாறிச் சொன்னது. இனி என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

"திருத்தம் எழுது" என்றேன். எழுதினாள். இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காக அவள் முதியவரின் பழைய சம்பளத் துண்டைப் பார்த்தாள், மகளிடம் மறுபடி கேட்டாள், வசனத்தை நான்கு தரம் மாற்றினாள். ஒப்படைக்குக் கொடுத்த பன்னிரண்டு பக்கத்துக்கும் அவள் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள். அந்தப் பன்னிரண்டு பக்கத்தின் வாசகனாகிய எனக்கு அந்த வருடம் சரியோ பிழையோ தெரிந்திருக்கவும் மாட்டாது. அந்த மகளுக்குத் தெரியும். அது அவளுடைய தகப்பனின் வாழ்க்கை.

உதயதாரகை வெளிவந்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதை ஆரம்பித்தவர்களின் பெயர்களைப் பரீட்சைக்குப் பாடமாக்குவது நல்லதுதான். ஆனால் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறு. இந்த வாரம் எங்கேயோ ஒரு வாசிகசாலைச் சுவரிலே ஒரு மாணவரின் எழுத்து ஒட்டப்பட்டிருந்தால், நேயர்களே, போகிற போக்கிலே சைக்கிளை நிறுத்தி அதை வாசியுங்கள். பிழை இருந்தால் எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நன்றாயிருந்தால் அதையும் சொல்லுங்கள். வாசகரை உண்டாக்குவது பல்கலைக்கழகத்தால் தனியே ஆகிற காரியம் அன்று.